இடது பக்கத்துக் கிதார்

அக்டோபர் 9, புதன்

காலாண்டு விடைத்தாள்களை ஒருவழியாக முடித்தேன். பன்னிரண்டாம் வகுப்பு 'பி' பிரிவில் பாதிப் பேர் அமிலத்தையும் காரத்தையும் மாற்றி எழுதியிருக்கிறார்கள். வேதியியல் கற்றுக்கொடுக்கும் என்னை இவர்கள் என்னதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்களோ.

எழுந்ததிலிருந்து இடது காது அடைப்பு. நேற்றுத் தலைக்குக் குளித்த தண்ணீராக இருக்கும். தலையைச் சாய்த்து ஒற்றைக்காலில் குதித்துப் பார்த்தேன். இவர் பார்த்துவிட்டு, "ஏன் கோதை, இந்த வயசுல நொண்டியாட்டமா?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஜெரால்டு அண்ணா கடைக்குப் போக வேண்டும். ரெக்கார்டு வந்துவிட்டதாம்!

அக்டோபர் 13, ஞாயிறு

பிற்காலத்தில் நானே இதைப் படித்துத் தலையும் புரியாமல் வாலும் புரியாமல் விழிக்கக் கூடாது. அதனால் ஒருமுறை ஒழுங்காக எழுதிவைக்கிறேன்.

ஆஷ் வார்டன்ஸ் என்பது இங்கிலாந்தின் வடக்கே, மில்கள் மூடிப்போன ஓர் ஊரில் எண்பதுகளில் இருந்த நால்வர் குழு. பங்க் இசையின் கூச்சல் ஓய்ந்தபிறகு வந்தவர்கள். கூச்சலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இருட்டை வைத்தார்கள். ஐந்து ஆல்பம் போட்டார்கள். ஐந்திலும் ஒரு நல்ல சேதி கிடையாது. மில் சங்கு கேட்டு வளர்ந்த கோயம்புத்தூரில் அவர்களுக்கு ரசிகர்கள் இருப்பதில் எனக்கு ஆச்சரியமில்லை. மூன்றே பேர்தான் என்பதில்தான் ஆச்சரியம்.

நான் ஒருத்தி. காட்டூரில் செல்போன், ஹெட்போன் கடை வைத்திருக்கும் ஜெரால்டு அண்ணா இன்னொருவர். மூன்றாவது ஆள் இர்ஷாத், பம்ப் கம்பெனியில் வரைபடம் போடுகிறவன். எங்களைவிட ரொம்பச் சின்னவன், வாய் மட்டும் பெரிசு. ஒரு நாள் இயர்போன் வாங்க வந்தவன், கடையில் நாங்கள் கேட்டுக்கொண்டிருந்ததை அடையாளம் கண்டுகொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். ஆறு வருஷமாயிற்று, இன்னும் எழுந்து போகவில்லை.

ஆல்பங்களுக்கு நாங்களே தமிழில் பெயர் வைத்திருக்கிறோம். 'ஈரக் கம்பளி', 'விளக்கில்லா வீதி', 'ஞாயிறு ஷிப்ட்', 'மழைக்கு ஓர் அறை', 'ஒத்தச் சுவர்'. ஒவ்வொரு வருஷமும் டிசம்பரின் கடைசி ஞாயிறன்று 'நகர்த்தல்' நடக்கும். ஐந்து ரெக்கார்டு உறைகளையும் போன வருஷ வரிசைப்படி கடைத்தரையில் அடுக்குவோம். ஒவ்வொருவர் முறை வரும்போதும் ஓர் உறையை ஓர் இடம் மேலேயோ கீழேயோ நகர்த்தலாம். காரணம் சொல்லாமல் நகர்த்தக் கூடாது. யாருக்கும் நகர்த்தத் தோன்றாதபோது வரிசை முடிவாகும். வருஷா வருஷம் ஞாயிறு ஷிப்ட்தான் முதலிடம், நான் இருக்கும்வரை அது இறங்காது. வருஷா வருஷம் ஒத்தச் சுவரை இர்ஷாத் மேலே தள்ளுவான், நான் கீழே இறக்குவேன். குழு கலைவதற்குச் சற்று முன் ஏதோ பாழடைந்த மாதா கோவில் கூடத்தில் ஒரே ஒரு மைக்கை நட்டுவைத்துப் பதிவு செய்தது அது. ஸ்டீரியோகூட இல்லை. இரண்டு பக்கமும் ஒரே சத்தம், தகரக் குழாய்க்குள் பாடுவது மாதிரி.

இன்று வந்தது ஞாயிறு ஷிப்டின் புதுப் பதிப்பு. பழைய மூலநாடாவைத் துடைத்து மெருகேற்றியதாம். ஜெரால்டு அண்ணாவின் மச்சினர் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிலிருந்து அனுப்பியது. மூவரும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். ஒரு வயரை மூன்றாகப் பிரித்து ஜெரால்டு அண்ணாவே செய்த ஏற்பாடு இது. முன்பெல்லாம் ஸ்பீக்கரில்தான் கேட்போம். மாடியில் கல்யாணத் தகவல் மையம் வந்தபிறகு அவர்கள் இறங்கி வந்து, "ஜாதகம் பாக்க வர்றவங்க கீழ எழவு வீடான்னு கேக்கறாங்கண்ணா" என்று முறையிட்டார்கள். அன்றிலிருந்து ஹெட்போன்தான்.

நான் சொல்ல வந்தது இதுதான்: புதுப் பதிப்பில் இடது பக்கத்துக் கிதார் இல்லை.

அந்த ஆல்பத்தில் இரண்டு கிதார்கள். வலது பக்கம் ஒன்று முரட்டுத்தனமாக ஓடும். இடது பக்கம் இன்னொன்று, அழுகையை அடக்கிக்கொண்டு பேசுகிறவர் போல, பாதி வாக்கியம் சொல்லிச் சொல்லி நிறுத்தும். அந்த நிறுத்தங்களுக்காகத்தான் நான் இத்தனை வருஷம் அதை முதலிடத்தில் வைத்திருக்கிறேன். மெருகேற்றுகிறோம் என்று அதைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள்.

ஹெட்போனைக் கழற்றிச் சொன்னேன். ஜெரால்டு அண்ணா கண்ணை மூடி மறுபடி கேட்டார். "ஆமாங்க டீச்சர். கம்மியாத்தான் இருக்குது," என்றார். இர்ஷாத் ஹெட்போன் வயரைத் திருகிக்கொண்டிருந்தான். அவனிடம் கேட்டேன். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்குங்க்கா," என்றான்.

சரியாகத்தான் இருக்கும். ஜெரால்டு அண்ணாவின் டர்ன்டேபிள் ஒரு நூல் வேகமாகச் சுற்றுகிறது என்று வெறுமனே கேட்டே கண்டுபிடித்தவள் நான். இந்தக் கடையில் என்னை 'காது' என்றே சொல்வார்கள்.

அக்டோபர் 16, புதன்

ஜெரால்டு அண்ணா இணையத்தில் உள்ள ரசிகர் பக்கத்தில் நீளமாக எழுதிவிட்டார். உலகம் முழுக்க உள்ள ஆஷ் வார்டன்ஸ் ரசிகர்கள் கூடும் இடம் அது. "கோவையிலிருந்து ஒரு கண்டனம்" என்று தலைப்பு. நன்றாகவே வந்திருக்கிறது.

என் இயர்போனில் இடது பக்கம் செத்துவிட்டது. புதிது வாங்க வேண்டும். காதடைப்பு இன்னும் விடவில்லை. இவர் பூண்டு போட்டு நல்லெண்ணெய் காய்ச்சிக் கொடுத்தார். இரண்டு சொட்டு விட்டேன்.

அக்டோபர் 19, சனி

ஃபிரிட்ஜ் நாள் முழுக்க ஒரே சுரத்தில் இரைகிறது. மெக்கானிக்கை வரச் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 22, செவ்வாய்

மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்கிறார். எல்லோருக்கும் அலட்சியம்.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள். ஜன்னல் ஓர பெஞ்சில் கீர்த்திகா எழுந்து நின்று பதில் சொல்கிறாள், உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. "சத்தமா சொல்லு, பயமா?" என்றேன். வகுப்பே சிரித்தது. என் மேசையை எதிர்ச் சுவர்ப் பக்கம் மாற்றிப் போடச் சொல்லிவிட்டேன். பழைய இடத்தில் வெயில் முகத்தில் அடிக்கிறது.

அக்டோபர் 26, சனி

மாதாந்திர மின்தடை. காலையிலிருந்து கரண்ட் இல்லை. ஃபிரிட்ஜ் சத்தம் மட்டும் நிற்கவில்லை.

பக்கத்து வீட்டு இன்வெர்ட்டராக இருக்கும்.

அக்டோபர் 28, திங்கள்

பக்கத்து வீட்டில் இன்வெர்ட்டரே கிடையாதாம். இவர் கேட்டுவிட்டு வந்தார்.

தீபாவளிக்கு மைசூர்பாகு செய்யலாமா, கடையில் வாங்கலாமா என்று யோசனை. கடையிலேயே வாங்கலாம்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. பட்டாசு எந்தப் பக்கம் வெடிக்கிறது என்றே தெரியவில்லை. தெருவில் நடக்கும்போது இடது கால் பக்கத்தில் ஒரு சரம் சிதறிக்கொண்டிருந்திருக்கிறது, நான் சத்தம் வலது பக்கம் என்று நினைத்து இடது பக்கம் ஒதுங்கி அதன்மேலேயே போயிருக்கிறேன். சேலை முந்தானையில் பொட்டு பொட்டாக ஓட்டை. இவர் என்னைத் திட்டினார். நான் பட்டாசு விட்ட பையன்களைத் திட்டினேன்.

நவம்பர் 3, ஞாயிறு

மனசு சரியில்லை. எழுதினால் சரியாகும்.

ஜெரால்டு அண்ணாவின் கண்டனத்துக்குக் கீழே பெரிய சண்டை. கிளாஸ்கோக்காரர் ஒருவர், கிதார் அங்கேயேதான் இருக்கிறது, முன்பைவிடத் தெளிவாக இருக்கிறது, உங்கள் இடது ஸ்பீக்கரைப் பாருங்கள் என்று எழுதியிருக்கிறார். வேறு பலரும் அவருடன் சேர்ந்துகொண்டார்கள். ஜெரால்டு அண்ணா விடவில்லை. எங்கள் குழுவில் ஒரு காது இருக்கிறது, அது இதுவரை தப்பியதில்லை என்று பதில் போட்டிருக்கிறார். அதற்குச் சிரிப்புப் படமாக வந்து குவிகிறது. மனிதர் பத்து வருஷமாக அந்தப் பக்கத்தில் மரியாதையாக இருந்தவர். இன்று கடையில் தேநீரைக்கூட மறந்து வைத்துவிட்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விடுங்கண்ணா, அவங்களுக்கு என்ன தெரியும்," என்றேன்.

"அதில்லீங்க டீச்சர். எல்லாரும் சேந்து சொல்றாங்களே, ஒருவேளை..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

அப்போதுதான் இர்ஷாத் சொன்னான். "அக்கா, ஒண்ணு பண்ணலாங்களா? ஹெட்போனத் திருப்பி மாட்டிக் கேளுங்க. இடது வலதாயிடும். ரெக்கார்டுல இல்லீன்னா அப்பவும் இருக்காது. அவ்வளவுதானுங்க்கா, ஒரு நிமிஷ வேலை."

எனக்கு அப்படி ஒரு கோபம். நேற்று வந்தவன் எனக்குச் சோதனை வைக்கிறான். நான் ஆய்வகத்தில் பிள்ளைகளுக்குச் சோதனை வைக்கிறவள். "எனக்குக் கேக்கறது எனக்குத் தெரியும்," என்று சொல்லிவிட்டு, வீட்டில் மாவு அரைக்க வேண்டும் என்று கிளம்பி வந்துவிட்டேன். மாவு நேற்றே அரைத்தாயிற்று.

நவம்பர் 7, வியாழன்

பஸ்ஸில் போனில் பழைய பதிப்பைக் கேட்டேன். அதிலும் இடது கிதார் இல்லை. போனில் இருப்பதையும் புதுப் பதிப்பாக மாற்றிவிட்டார்கள் போலிருக்கிறது. இந்தக் கம்பெனிகள் எதையும் செய்யும்.

புது இயர்போனிலும் இடது பக்கம் போய்விட்டது.

நவம்பர் 11, திங்கள்

வீட்டில் போன் அடித்தது. எங்கே அடிக்கிறது என்று தெரியாமல் சமையலறை, படுக்கையறை, மொட்டை மாடி வரை தேடினேன். ஹாலில் சோபாவில், நான் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. இவர் பேப்பரை இறக்கிவைத்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

நவம்பர் 17, ஞாயிறு

கடைக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

மதியம் இவர் வெளியே போயிருந்தார். ஹெட்போனைத் திருப்பி மாட்டினேன்.

கிதார் அங்கேயேதான் இருக்கிறது.

நவம்பர் 18, திங்கள்

காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனேன். இவரும் வந்தார்.

முதலில் ஒரு சின்னக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்தார்கள். வெளிச் சத்தம் ஒன்றும் வராத அறை. ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். வலது காதில் முதலில். மெல்லிய 'பீப்'கள், ஒன்றைவிட ஒன்று சன்னமாக. எல்லாவற்றுக்கும் அமுக்கினேன், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு இடது காதுக்கு மாற்றினார்கள். இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று காத்துக்கொண்டிருந்தேன். கண்ணாடிக்கு அப்பால் சோதனை செய்யும் பெண்ணின் விரல் பட்டன்களை மாற்றி மாற்றி அமுக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தபோதுதான், ஆரம்பித்து வெகுநேரம் ஆகிறது என்று புரிந்தது.

மருத்துவர் அம்மா அமைதியானவர். உள்காது நரம்பு திடீரென்று செயலிழந்திருக்கிறது, ஏன் என்று பெரும்பாலும் தெரியாது என்றார். அந்த இரைச்சலும் காதுக்குள்ளிருந்துதான் வருகிறதாம். பாவம் ஃபிரிட்ஜ்.

"முதல் வாரத்துலயே வந்திருந்தீங்கன்னா திருப்பிக் கொண்டுவர நல்ல வாய்ப்பு இருந்திருக்கும்மா. இப்பவும் மருந்து குடுத்துப் பாக்கலாம். உறுதியா ஒண்ணும் சொல்ல முடியாது. இத்தன நாளு என்னன்னு நெனச்சுட்டு இருந்தீங்க?"

"ரெக்கார்டுல தப்புன்னு நெனச்சேங்க," என்றேன்.

எழுதிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. அதற்காக அவரை என்றைக்கும் மறக்க மாட்டேன்.

வெளியே வந்ததும் இவர் சுற்றிவந்து என் வலது பக்கம் நடந்தார். "எனக்குத் தெரிஞ்சுதான் இருந்துச்சு கோதை. பின்னால நின்னு கூப்புட்டாத் திரும்ப மாட்டேங்கறே. பாட்டு ஞாபகத்துல இருக்கறேன்னு விட்டுட்டேன். நானாச்சும் கூட்டிட்டு வந்திருக்கணும்," என்றார். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, ஹெல்மெட்டுக்குள் வீடு வரைக்கும் அழுதேன்.

நவம்பர் 19, செவ்வாய்

அந்த முதல் நாள் காலையில் நொண்டியாட்டம் ஆடுவதற்குப் பதிலாக ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால். வேறு யாராக இருந்தாலும் போயிருப்பார்கள். காது கேட்கவில்லை என்றால் காதைத்தான் சந்தேகப்படுவார்கள். நான் வயரைச் சந்தேகப்பட்டேன், கம்பெனியைச் சந்தேகப்பட்டேன், லீட்ஸிலிருந்து வந்த ரெக்கார்டைச் சந்தேகப்பட்டேன். என் காதைப் பற்றி அத்தனை கர்வம் எனக்கு.

நவம்பர் 26, செவ்வாய்

மாத்திரையால் ஓயாமல் பசிக்கிறது. இன்று காதுக்குள்ளேயே ஊசி போட்டார்கள். இட்லிக்கு அரைத்த மாவு புளித்துவிட்டது. இர்ஷாத் இரண்டு தடவை கூப்பிட்டான், எடுக்கவில்லை. ஜெரால்டு அண்ணா மட்டும், "டீச்சர், உடம்புக்கு எப்படி இருக்குதுங்க? அந்தப் பக்கத்துல நான் எழுதறத நிறுத்திட்டேன். ஆனா நம்ம தீர்ப்புல மாத்தமில்ல" என்று செய்தி அனுப்பியிருந்தார்.

நம்ம தீர்ப்பு. படித்ததும் போனைத் தூக்கி எறியலாம் போலிருந்தது.

டிசம்பர் 7, சனி

இரண்டாவது பரிசோதனை. மாற்றமில்லை. இனி எதிர்பார்க்க வேண்டாம் என்பதை மருத்துவர் அம்மா நாலைந்து விதமாக நயமாகச் சொன்னார். எனக்கு ஒரே விதமாகத்தான் புரிந்தது.

போனில் ஒரு வசதி இருக்கிறதாம். இரண்டு பக்கச் சத்தத்தையும் கலந்து ஒரே காதுக்கு அனுப்புமாம். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்.

டிசம்பர் 8, ஞாயிறு

போட்டுப் பார்த்தேன். ஞாயிறு ஷிப்டில் இரண்டு கிதாரும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, சந்தைக்கடையில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசுவது மாதிரி இருக்கிறது. அந்த நிறுத்தங்கள் எல்லாம் மற்றதன் சத்தத்தில் மூடிப்போயின. நிறுத்திவிட்டேன்.

டிசம்பர் 15, ஞாயிறு

அரையாண்டுத் தேர்வு மேற்பார்வை முடிந்து வீட்டில் சும்மா இருந்தேன். ஒரு வைராக்கியத்தில் ஐந்து ஆல்பங்களையும் வரிசையாகப் போட்டேன், எது எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்க்க. ஈரக் கம்பளியில் டிரம்ஸ் பாதி காணோம். விளக்கில்லா வீதியில் பாடகரே இடது பக்கம்தான் நிற்கிறார் போலிருக்கிறது, சில இடங்களில் அவர் எதிரொலி மட்டும் வருகிறது. மழைக்கு ஓர் அறையில் மழை மட்டும்தான் இருக்கிறது.

கடைசியில் ஒத்தச் சுவர். வேண்டாவெறுப்பாகத்தான் போட்டேன்.

அது முழுசாக இருந்தது.

இதுவரை நான் அதை முழுசாக ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. முதல் பாட்டிலேயே முகத்தைச் சுளித்து எடுத்துவிடுவேன். இன்று கடைசி வரை கேட்டேன். பிறகு மறுபடியும் போட்டேன். இவர் எட்டிப்பார்த்து, "இந்த அழுகாச்சிக்கு ஒரு காது போதும் போல," என்றார். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த பிறகு அவர் என்னைக் கிண்டல் செய்வது இதுதான் முதல் தடவை. சொன்ன பிறகு பயந்துபோய் நின்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

டிசம்பர் 28, சனி

நாளை நகர்த்தல். போவதா வேண்டாமா என்று காலையிலிருந்து யோசனை.

சொன்னால் அந்தக் கடையில் நான் யார்? ஜெரால்டு அண்ணா ஊர் சிரிக்க நின்றது என் பேச்சை நம்பித்தான். காது போன கதையைக்கூடச் சொல்லிவிடலாம். அவர் முகத்தைப் பார்த்து, அந்த கிளாஸ்கோக்காரர் சொன்னதுதான் சரி என்று எப்படிச் சொல்வது? சொல்லாமல் போய், வழக்கம்போல ஞாயிறு ஷிப்ட்தான் என்று நின்றுவிட்டு வந்துவிடலாம். எல்லாம் மனப்பாடம். யாருக்கும் தெரியப்போவதில்லை.

அப்படித்தான் செய்யப்போகிறேன்.

டிசம்பர் 29, ஞாயிறு

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஜெரால்டு அண்ணா தரையைக் கூட்டிவைத்திருந்தார். கேக் வாங்கி வைத்திருந்தார். மெலிந்திருந்தார் என்று எனக்குத் தோன்றியது, அல்லது என் குற்றவுணர்வுக்கு அப்படித் தெரிந்ததோ என்னவோ. இர்ஷாத் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். "சாரிங்க்கா. அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது," என்றான். நான் உட்கார் என்று கை காட்டினேன்.

போன வருஷ வரிசையில் உறைகள் படுத்திருந்தன. மேலே ஞாயிறு ஷிப்ட், அடியில் ஒத்தச் சுவர். வழக்கப்படி முதல் முறை 'காது'க்கு.

வீட்டில் எடுத்த முடிவு தரையைப் பார்த்ததும் எங்கே போனது என்று தெரியவில்லை. கை தானாகப் போய் ஒத்தச் சுவரை ஓர் இடம் மேலே நகர்த்தியது.

இருவரும் என்னையே பார்த்தார்கள். "என்னங்க்கா, கிண்டலா?" என்றான் இர்ஷாத்.

"இல்ல."

"காரணம் சொல்லணுங்க டீச்சர்," என்றார் ஜெரால்டு அண்ணா, பழக்க தோஷத்தில்.

சொன்னேன். இது ஒன்றுதான் எனக்கு முழுசாகக் கேட்கிறது, மற்றதெல்லாம் பாதிதான், இடது காது போய்விட்டது என்று. அக்டோபரிலேயே போய்விட்டது, ரெக்கார்டில் ஒரு குறையும் இல்லை, கிதார் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது என்று. "உங்கள நாலு பேரு முன்னால தலைகுனிய வச்சுட்டேங்கண்ணா," என்றேன்.

 மாடியில் கல்யாணத் தகவல் மையத்தில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.

ஜெரால்டு அண்ணா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு அந்த கிதாரு கேட்டுச்சுங்க டீச்சர்," என்றார். "மொத நாளே கேட்டுச்சு. நீங்க இல்லீன்னு சொன்னீங்க. அப்பறம் கேக்கறப்பெல்லாம், இது நெசக் கிதாரு இல்ல, என்னோட பழைய ஞாபகந்தான் கேக்குதுன்னு நெனச்சுட்டேன். சத்தியமா."

"எனக்கும் கேட்டுச்சுங்க்கா," என்றான் இர்ஷாத் தலையைக் குனிந்துகொண்டு. "அதனாலதான் திருப்பி மாட்டச் சொன்னேன். அதுக்கு மேல சொல்றதுக்கு தைரியம் வரல. சொல்லியிருந்தா நீங்க அப்பவே டாக்டர்ட்ட போயிருப்பீங்க."

"போயிருக்க மாட்டேன். உன்னத்தான் கடையவிட்டு வெரட்டியிருப்பேன்," என்றேன். அதுதான் உண்மை.

ஜெரால்டு அண்ணா போனை எடுத்தார். "நம்ம வயர்ல கோளாறுன்னு எழுதிடறேங்க. உங்க பேச்சே வர வேண்டாம்."

"வேண்டாங்கண்ணா. எங்க காதுல கோளாறுன்னே எழுதுங்க. வயரு என்ன பாவம் பண்ணுச்சு. ஃபிரிட்ஜ் மேல பழி போட்டது போதும்."

ஃபிரிட்ஜ் கதையையும் சொல்ல வேண்டியதாயிற்று. மின்தடையன்றும் இரைந்தது, இல்லாத இன்வெர்ட்டரைத் தேடி இவரை அனுப்பியது எல்லாம். ஜெரால்டு அண்ணா முதலில் சிரிக்கலாமா என்று என்னைப் பார்த்தார். பிறகு மூவரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம். அவர் எழுதிப் போட்டதைப் படித்துக்காட்டினார். சுருக்கமாக, நேராக இருந்தது. எங்கள் குழுவின் ஒரு காது நோயுற்றதை ரெக்கார்டின் குறை என்று தவறாக எழுதிவிட்டோம், கிளாஸ்கோ நண்பர் சொன்னதே சரி என்று.

பிறகு ஆட்டம் தொடர்ந்தது. ஜெரால்டு அண்ணா தன் முறைக்கு ஒத்தச் சுவரை இன்னும் ஓர் இடம் ஏற்றினார். "டீச்சருக்காக," என்றார். அதையே காரணமாக ஏற்றுக்கொண்டோம். அடுத்து இர்ஷாத்தின் முறை. ஆறு வருஷமாக அவன் ஏற்றப் போராடிய உறை. இன்னும் இரண்டு இடம்தான் முதலிடத்துக்கு, எதிர்ப்பவர்கள் யாரும் இல்லை. அவன் குனிந்து அதை ஓர் இடம் கீழே இறக்கினான்.

"ஏன்டா?" என்று கத்திவிட்டேன்.

"காரணம் செல்லாதுங்க்கா," என்றான். "உங்களுக்கு முழுசா கேக்குதுங்கறதுக்காக ஒரு ரெக்கார்டு நல்ல ரெக்கார்டு ஆயிருமா? அண்ணா பாவம் பாத்து ஏத்தறாரு. இப்படி ஜெயிச்சா இந்த ஆல்பத்துக்கு அசிங்கம். ஏத்தணும்னா பாட்டச் சொல்லி ஏத்துங்க. காதச் சொல்லாதீங்க."

"இர்ஷாத்," என்று அதட்டினார் ஜெரால்டு அண்ணா.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. நவம்பரிலிருந்து எல்லோரும் என்னைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரித் தொட்டுத் தொட்டு வைக்கிறார்கள். வீட்டில் நான் சொன்னதற்கெல்லாம் சரி சரி. பள்ளியில் தலைமையாசிரியை, "நீங்க உக்காந்தே பாடம் எடுங்க" என்கிறார். இவன் ஒருவன்தான் என்னோடு சண்டைக்கு வந்திருக்கிறான். எத்தனை சந்தோஷமாக இருந்தது என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது.

"சரி, பாட்டையே சொல்றேன், கேட்டுக்கோ," என்றேன். "நாலாவது பாட்டு. ரெண்டாவது சரணத்துக்கு முன்னால பாடறவருக்கு மூச்சு வாங்குது. டிரம்ஸ்காரர் அதுவரைக்கும் காத்துட்டு இருக்காரு. மொதல் தடவ கேக்கறப்ப தாளம் தப்பிப்போச்சுன்னுதான் நெனச்சேன். தப்பல. அவரு முகத்தப் பாத்துட்டு வாசிக்கிறாரு. மத்த நாலு ஆல்பத்துலயும் ஆளுக்கொரு ரூம்ல தனித்தனியா வாசிச்சு ஒட்டியிருக்காங்க. இதுல மட்டுந்தான் நாலு பேரும் ஒரே இடத்துல நிக்கறாங்க. அவங்க சேந்து நின்ன கடைசி தடவ அது. அது தெரிஞ்சேதான் வாசிக்கிறாங்க."

இர்ஷாத் நிமிர்ந்து உட்கார்ந்தான். "ஆறு வருஷமா நான் இதத்தானுங்க்கா சொல்லிட்டு இருக்கேன்."

"நீ சொல்லல. நீ சோகம், சோகம்னு மட்டுந்தான் சொன்னே. மூச்சப் பத்தி ஒரு வார்த்தை சொல்லியிருக்கியா?"

"அந்த மூச்சு நான் கவனிக்கலீங்க்கா," என்றான். உடனே ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டான். நாலாவது பாட்டைப் போட்டுவிட்டு ஜெரால்டு அண்ணாவும் மாட்டிக்கொண்டார், நானும். அந்த இடம் வந்தபோது இர்ஷாத் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துத் தலையசைத்தான்.

அதன்பின் ஒத்தச் சுவர் சுற்றுக்குச் சுற்று ஏறி இரண்டாவது இடத்தில் வந்து நின்றது. அதற்கு மேலே ஞாயிறு ஷிப்ட். இர்ஷாத் தன் முறையை விட்டுக்கொடுத்து என்னைப் பார்த்தான், நீங்களே செய்யுங்கள் என்பது போல. நான் நகர்த்தவில்லை. எனக்குக் கேட்காது என்பதற்காக அந்த இடது கிதார் மோசமாகிவிடுமா? காரணம் செல்லாது.

வரிசை அப்படியே முடிந்தது. கேக் சாப்பிட்டோம்.

அடுத்த டிசம்பரில் ஒத்தச் சுவரை முதலிடத்துக்கு ஏற்றாமல் விடப்போவதில்லை. பாட்டைச் சொல்லித்தான் ஏற்றுவேன். இரண்டாவது பாட்டு முடிந்ததும் யாரோ ஒருவர் மெதுவாக மைக்கை விட்டு விலகி நடக்கிறார், மரத்தரையில் காலடி கேட்கிறது. யார் என்று இன்னும் பிடிபடவில்லை. நாளை காலை மறுபடி கேட்க வேண்டும்.